வெள்ளிக்கிழமை டிக்

பதிவு எழுதி ரெண்டு மாசமாச்சு. யாரும் தேடலைங்கிறது வேற விஷயம் :-)

எம்.எஸ். படிப்புச் செலவுக்கு இங்கே டிபார்ட்மென்ட் வொர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறேன். வெள்ளி சாயங்காலம் மரம் அறுக்கும் பேண்ட் சாவைப் பராமரிக்கிறது என் பொறுப்பு. முதல்ல பிளக்கைப் பிடுங்கணும். சக்கரத்து ரப்பரில் ஒட்டின பிசினையும் தூளையும் பிரஷ்ஷால் தேய்க்கணும். பக்கத்து கைடுக்கும் பிளேடுக்கும் நடுவே ஒரு டாலர் நோட்டு நுழையற இடைவெளி இருக்கணும். பின்னால் இருக்கும் பேரிங், அறுக்காதப்போ பிளேடைத் தொடக்கூடாது. சக்கரத்தைக் கையால் சுத்தி, பல்லுக்கு அடியில் விரிசல் இருக்கான்னு பார்க்கணும். கடைசியா டென்ஷனைத் தளர்த்தணும் (பிளேடோடது, என்னோடது இல்லை). மொத்தம் அரை மணி நேரம்.

போன மாசம் ஒரு வெள்ளி, பரீட்சை அவசரத்தில் எதையும் செய்யாமலே அட்டையில் டிக் போட்டுட்டேன். திங்களன்று ஜூனியர் பையன் அறுக்கும்போது 'டமார்'! பிளேடு அறுந்துடுச்சு. கவர் மூடியிருந்ததால் பையனுக்கு ஒண்ணும் ஆகலை. அறுந்த இடத்தில் பாதி பழுப்பு, பாதி பளபளப்பு. பழுப்புப் பாதி பழைய விரிசல். பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

மேற்பார்வையாளர் அட்டையைப் பார்த்துட்டு, "செக் பண்ணியா?"ன்னார். இல்லைன்னு ஒத்துக்கிட்டேன். திட்டலை. புது பிளேடை என் கையில் கொடுத்து, "நீயே மாட்டு"ன்னார். மாட்டும்போது கை நடுங்கிச்சு.

எங்கப்பா ஊர் மரவாடியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். இடது கை ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும். ஞாயித்துக்கிழமை போனில் எல்லாம் பேசினோம். இதை மட்டும் சொல்ல வாய் வரலை.