சீசன் கடையில நின்னதையும் எழுதுங்க

குற்றாலத்துல சாரல் தொடங்குற அதே மாசங்கள்லதான் நம்ம ஃபைனல் இயர் பசங்களுக்கு ரெஸ்யூம் ஜுரமும் தொடங்கும். நான் பாஸ் அவுட் ஆகி மூணு வருஷம் ஆச்சு. சொந்த ஊர் இலஞ்சி, இப்ப சென்னையில சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. ஜூலையில லீவுக்கு ஊருக்கு வந்தப்ப, "அண்ணே, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க"ன்னு ஜூனியர்ஸ் 20 பேர் ரெஸ்யூம் அனுப்பினாங்க. இருபதையும் உட்கார்ந்து படிச்சேன். அதுல பார்த்ததை எல்லாருக்குமா சேர்த்து இங்க எழுதுறேன்.

முதல் விஷயம், இருபதுல பாதிக்கு மேல ஒரே ஆள் எழுதின மாதிரி இருந்துச்சு. "சவாலான சூழலில் என் திறமையை வெளிப்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உழைப்பதே என் லட்சியம்" என்பதுதான் முதல் வரி. பொழுதுபோக்கு என்ற இடத்தில் பாட்டு கேட்பது, கிரிக்கெட். ப்ராஜெக்ட் சென்டர்ல காசு கொடுத்து வாங்கின அதே தலைப்பு நாலு பேர் ரெஸ்யூம்ல. படிக்கிறவருக்கு இதுல யாரைக் கூப்பிடுறது, யாரை விடுறதுன்னு எப்படித் தெரியும்?

அதுல ஒரு தம்பி மெக்கானிக்கல். "வேற ஏதாவது வேலை பாத்திருக்கியா?"ன்னு கேட்டேன். "இல்லண்ணே, சீசனுக்கு மாமா லாட்ஜ்ல நிப்பேன், அவ்வளவுதான்"னான். விசாரிச்சா, மூணு சீசனா ரூம் புக்கிங் முழுக்க அவன்தான் பார்த்திருக்கான். நோட்டுல எழுதினதை எக்செல்லுக்கு மாத்தியிருக்கான். ஐந்தருவியில தண்ணி கூடி குளிக்கத் தடை போட்டா, வந்த பார்ட்டி பாதி பேர் ரூமைக் காலி பண்ணுவாங்க. அந்த அட்வான்ஸ் கணக்கையும் அவன்தான் நேர் பண்ணியிருக்கான். "இதையெல்லாம் ரெஸ்யூம்ல போடுவாங்களாண்ணே?"ன்னு சிரிச்சான். இரண்டே வரியில எழுத வைச்சேன். அடுத்த மாசம் ஒரு இன்டர்வியூல அவன்கிட்ட கேட்டது அந்த இரண்டு வரியைத்தான். ஒரே ரூமை போன்ல ஒருத்தரும் நேர்ல ஒருத்தரும் ஒரே நேரத்துல கேட்டா என்ன செய்வேன்னு. ரயில் டிக்கெட் பதிவு செய்யும் மென்பொருளை எழுதுறவங்களும் இதே சிக்கலைத்தான் தீர்க்கணும். அவன் நின்ன இடத்துலயே பதில் சொல்லிட்டான்.

நம்ம ஊர்ல பழக்கடை, சிப்ஸ் கடை, லாட்ஜ், எண்ணெய்க் கடைன்னு சீசன் வேலை பார்க்காத வீடு குறைவு. அதை வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். எத்தனை மாசம், எத்தனை ரூம், நீங்க என்ன மாத்தினீங்க என்று எண்ணோட எழுதுங்க.

தென்காசியில இருந்துட்டு மத்தளம்பாறையைச் சொல்லாம இருக்க முடியாது. ஸோஹோ 2011-ல் நம்ம பக்கம் அலுவலகம் தொடங்கியது. அந்த நிறுவனம் 2005-லிருந்தே ப்ளஸ் டூ, டிப்ளமோ முடித்தவங்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, சொல்லிக் கொடுத்து வேலைக்கும் எடுத்துக்கிட்டு வருது. டிகிரி இல்லாதவங்களே கோட் எழுதி உள்ள போகும்போது, டிகிரியை மட்டும் காட்டி நாம நிக்க முடியாது. ரெஸ்யூம் நம்மை வாசல் வரைக்கும்தான் கூட்டிட்டுப் போகும். உள்ளே போனதும் கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்து எழுதிக் காட்டணும்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. ஃப்ரெஷருக்கு ஒரு பக்கம் போதும். இரண்டு பத்தி, கலர் பட்டை, ஸ்டார் போட்ட டெம்ப்ளேட் வேண்டாம். பெரிய கம்பெனிகள்ல முதல்ல படிக்கிறது மென்பொருள், அது குழம்பிடும். அப்பா பெயர், மதம், கல்யாணம் ஆகலை என்பதெல்லாம் யாரும் கேட்கலை. 'ரெஸ்யூம் ஃபைனல் ஃபைனல் 3' என்று ஃபைலுக்குப் பெயர் வைக்காதீங்க. ஐந்து பேர் சேர்ந்து செய்த ப்ராஜெக்ட்ல உங்க பங்கு எதுன்னு தனியா எழுதுங்க.

இனி முக்கியமான விஷயம். அந்த இருபதுல ஒருத்தன் எங்க தெருக்காரன். எட்டு மாசமா வேலை தேடுறான். சென்னையில ஒரு கன்சல்டன்சி, ஒன்றரை லட்சம் கட்டினா இரண்டு வருஷ அனுபவச் சான்றும் சம்பளச் சீட்டும் தர்றோம்னு சொல்லியிருக்கு. அவன் அம்மா வளையலை அடகு வைக்கக் கிளம்பிட்டாங்க. "எல்லாரும் பண்றாங்கண்ணே"ன்னான். அவனை உட்கார வைச்சுச் சொன்னேன். உன் பிஎஃப் கணக்கோட யுஏஎன் நம்பர் ஒண்ணுதான். எந்தக் கம்பெனியில எப்ப சேர்ந்த, எப்ப விட்டன்னு அதுல வரிசையா தெரியும். சேர்ந்த பிறகும் சரிபார்ப்பாங்க. பொய்னு தெரிஞ்சா அன்னைக்கே வெளிய போகணும், கட்டின காசும் திரும்பாது. ரெஸ்யூம் அடியில "மேற்கூறிய அனைத்தும் உண்மை"ன்னு கையெழுத்துப் போடுறோமே, அதுக்குக் கீழ இருக்கிறது உன் பெயர்தான், கன்சல்டன்சி பெயர் இல்லை.

அவனுக்கு இன்னும் நிரந்தர வேலை கிடைக்கலை. மறைச்சுச் சொல்ல விரும்பலை. ஆனா பணம் கட்டலை. மத்திய அரசின் தேசிய அப்ரன்டிஸ் பயிற்சித் திட்டத்துல, அதாவது நாட்ஸ் போர்ட்டல்ல, பதிவு பண்ணியிருக்கான். டிகிரி, டிப்ளமோ முடித்தவங்களுக்கு அதுல ஒரு வருஷம் உதவித்தொகையோட பயிற்சி, முடிச்சா சான்றிதழ். அந்த அனுபவம் நிஜம், யார் கேட்டாலும் பதில் சொல்லலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்துற தனியார் துறை முகாமுக்கும் போறான். அதுக்குக் கட்டணம் கிடையாது.

வேலை தர்றதா சொல்லி லேப்டாப் டெபாசிட், ட்ரெய்னிங் ஃபீஸ்னு யார் பணம் கேட்டாலும் விலகிடுங்க. நல்ல கம்பெனி சம்பளம் கொடுக்கும், வாங்காது.

பொதிகை எக்ஸ்பிரஸ்ல பெட்டியோட சென்னைக்கு ஏறுறதுக்கு முன்னால, இந்த வாரமே ஒரு வெள்ளைத்தாளை எடுங்க. நாலு வருஷத்துல உங்க கையால செஞ்சது என்னென்னன்னு தமிழ்லயே எழுதுங்க. அப்புறம் அதை இங்கிலீஷ்ல மாத்துங்க. சந்தேகம் இருந்தா இதழ்க் குழுகிட்ட கொடுத்து அனுப்புங்க, தீபாவளி லீவுல வர்றப்ப படிச்சுச் சொல்றேன்.