படகில் நான் சொன்ன பொய்

ஒரு விஷயத்தை உங்ககிட்ட ஒத்துக்கணும்.

போன வருஷம் மே மாசம், பத்தாவது கல்யாண நாளுக்கு நானும் மனைவியும் ஆஸ்திரேலியா போயிருந்தோம். குவீன்ஸ்லாந்தில் ஏர்லி பீச் என்ற ஊரிலிருந்து, 74 விட்சண்டே தீவுகளில் சிலதைச் சுற்றிவரும் பாய்மரப் படகில் ரெண்டு ராத்திரி. தனிப் படகு எடுக்க அரசு மருத்துவர் சம்பளம் தாங்காது. அதனால் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரோடு பங்குப் படகுதான்.

படகு ஏறியதும் ஒரு படிவம் கொடுத்தாங்க. இதய நோய் உண்டா? ஆஸ்துமா? வலிப்பு? ரத்த அழுத்தம்? தினசரி மாத்திரை ஏதாவது?

ரெண்டு வருஷமா அம்லோடிபின் 5 மி.கி. போடுகிற நான் எல்லாத்துக்கும் 'இல்லை' என்று டிக் அடிச்சேன்.

ஏன்? 'ஆமாம்' போட்டால் தண்ணீரில் இறங்க விடமாட்டாங்கன்னு பயம். 38 வயசுல பிபின்னு எழுதக் கூச்சம் வேற.

பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்துட்டா. "ஏங்க, அப்போ காலையில போட்டீங்களே, அது என்ன கமர்கட்டா?"

அடிச்சுத் திருத்திக் கொடுத்தேன். படகுப் பெண் எந்த மாத்திரை, நெஞ்சு வலி வந்ததுண்டா என்று ரெண்டு கேள்வி கேட்டாள். அவ்வளவுதான். எனக்கு மட்டும் வேறு நிறத்தில் மிதவைச் சட்டை, கூடவே பிடிச்சுக்க ஒரு பிங்க் நிற மிதவைக் குழாய். படகில் இருப்பவர்கள் யார் மேல் கூடுதல் கண் வைக்கணும் என்பதற்கான அடையாளம் அது. அங்கே அதுதான் விதி.

இந்த விதி ஏன்னு எனக்கே தெரிஞ்சிருக்கணும். கழுத்தளவு நீரில் இறங்கியதும் கால்களில் தேங்கிய ரத்தம் நீரின் அழுத்தத்தால் மார்புக்குள் ஏறும். இதயத்துக்கு வேலை கூடும். குழாய் வழியாக மூச்சு விடுவதும் சும்மா இல்லை. அதைவிட முக்கியம், ஸ்நார்க்கலிங் செய்பவர் குப்புறத்தான் மிதப்பார். மீன் பார்க்கிறாரா, மயங்கிட்டாரா என்று படகிலிருந்து பார்த்தால் தெரியாது. கத்தமாட்டார், கையை ஆட்டமாட்டார்.

போதாததுக்கு அந்தக் கடலில் இருக்காண்ட்ஜி என்ற சொறிமுட்டை உண்டு (ஜெல்லி ஃபிஷ்தான்). விரல் நகம் அளவு. கொட்டின இடம் பெருசா வலிக்காது. அரை மணி நேரம் கழிச்சு இடுப்பு முறியிற மாதிரி வலி, வாந்தி, பிபி எகிறும். 2002-ல் இதே பகுதியில் கொட்டுப்பட்ட ஒரு பிரிட்டிஷ் பயணி மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். ஏற்கெனவே இதயச் சிகிச்சையில் இருந்தவர்.

இதைக் கண்டுபிடிச்ச கதை தனி. 1961-ல் கெய்ன்ஸ் ஊர் டாக்டர் ஜாக் பார்ன்ஸ் தனக்கும், தன் 9 வயசு மகனுக்கும், ஒரு இளைஞருக்கும் வேணும்னே கொட்ட வச்சுப் பார்த்தார். மூணு பேரும் ஆஸ்பத்திரியில்! இன்னைக்கு எந்த எதிக்ஸ் கமிட்டியும் விடாது.

நவம்பர் முதல் மே வரை அதன் சீசன். அதனால் எல்லாருக்கும் உடம்பு முழுக்க மூடும் சூட். கொட்டினால் ஊத்த வினிகர் பாட்டில் கையெட்டும் தூரத்தில். வினிகர் வலியைக் குறைக்காது. தோலில் ஒட்டியிருக்கும், இன்னும் வெடிக்காத கொட்டும் செல்களைத்தான் அடக்கும்.

ஹுக் தீவின் வடக்கே இறங்கினோம். 2017-ல் டெபி புயல் உடைச்ச பவளம் இன்னும் குவியலா கிடக்கு. அதுக்கு நடுவுல புதுசு முளைக்குது. கிளிமீன்கள் பாறையைக் கடிக்கும் 'கறுக் கறுக்' சத்தம் தண்ணிக்குள்ள தெளிவாக் கேட்டது. கிணத்துல நீச்சல் பழகின என் மனைவி முன்னாடி போயிட்டா. நான் பிங்க் குழாயைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு பின்னாடி.

திடீர்னு என் கையைப் பிடிச்சு இழுத்தா. கீழே ஒரு பச்சை ஆமை. மெதுவா எழும்பி, எங்க ரெண்டு பேருக்கும் பக்கத்தில் தலையை நீட்டி, 'ஃபூ'ன்னு மூச்சு விட்டு, மறுபடி இறங்கிடுச்சு. அந்த நேரம் சட்டை நிறமெல்லாம் யாருக்கு ஞாபகம்?

ஊர் திரும்பி முதல் நாள் ஓபி. ஒரு பெரியவர். "ஐயா, மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார்."

பின்னாடி நின்ன அவர் வீட்டம்மா, மஞ்சப்பைக்குள்ள கையை விட்டு மூணு அட்டையை எடுத்து மேசை மேல வச்சாங்க. வழக்கமா திட்டியிருப்பேன். அன்னைக்குச் சிரிப்பு வந்துடுச்சு.