குனிந்தால் சுகம், நிமிர்ந்தால் வினை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் இறங்கி, பாவின் மேல் குனிந்திருக்கும் வரை எனக்கு வலி கிடையாது. எழுந்து நடந்தால்தான் வினை. தெருமுனை வருவதற்குள் இரண்டு கெண்டைக்காலும் மரத்துவிடும். ஏதாவது திண்ணையில் உட்கார்ந்தால் விட்டுவிடும். "ஊருக்கெல்லாம் குனிஞ்சா வலி, உமக்கு மட்டும் தலைகீழா?" என்று மச்சான் கிண்டல்.

எம்.ஆர்.ஐ. பார்த்த டாக்டர் சொன்னார்: முதுகெலும்புக்குள் நரம்பு இறங்கும் பாதை, வயதாக ஆக எலும்பு வளர்ந்தும் நார் தடித்தும் குறுகிப்போகிறது. நிமிர்ந்தால் இன்னும் நெருக்கும், குனிந்தால் சற்றே விரியும்.

இப்போதைக்கு முழங்காலை மார்போடு அணைக்கும் பயிற்சிதான் கைகொடுக்கிறது. முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குச் சில வாரம் நிம்மதி தரும், நிரந்தரமல்ல. எலும்பைக் கொஞ்சம் செதுக்கி இடம் விடும் ஆபரேஷனும் உண்டு; நடையே முடங்கினால் யோசிக்கலாம் என்றிருக்கிறேன். ஒன்று மட்டும்: கால் திடீரென வலுவிழந்தாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு தப்பினாலோ தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். அன்றே ஆஸ்பத்திரி.

வைகாசி கருடசேவைக்கு சைக்கிளோடு வருவேன். ஓட்ட அல்ல, கைப்பிடியில் சாய்ந்து உருட்ட. அப்படிக் குனிந்து போனால் வரதர் பின்னால் வெகுதூரம் நடக்க முடிகிறது. பார்த்தால் டபுள்ஸ் கேட்காதீர்கள்.