அரூபாவா, குவாதலூப்பா?

கரீபியனில் எந்தத் தீவுக்குப் போவது? கடற்கரைப் படங்களைப் பார்க்கும் முன் நாள்காட்டியைப் பாருங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே புயல் பருவம். ஜூன் பள்ளி விடுமுறையில்தான் போக முடியும் என்றால், அரூபா நல்லது. வெனிசுவேலாவுக்கு அருகில், புயல்கள் வழக்கமாகச் செல்லும் பாதைக்குத் தெற்கே இருக்கிறது, மழையும் குறைவு.

டிசம்பர் என்றால் என் தேர்வு குவாதலூப். பாரிஸ் வழியாகப் போகலாம். செயின்ட் ஆன் கடற்கரையில் பவளப்பாறைகள் அலையைத் தடுப்பதால் பிள்ளைகளுக்கு ஏற்ற கடல்.

1854 முதல் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த தமிழர்களின் வாரிசுகள் அங்கே வாழ்கிறார்கள். பேசுவது பிரெஞ்சும் கிரியோலும். ஆனால் காப்ஸ்டேர் ஊரின் சாங்கி கோயிலில் இருப்பவள் நம் மாரியம்மன். நம் பாட்டன்மார் கிழக்கே கப்பலேறினார்கள், இவர்களுடையவர்கள் மேற்கே. கடலுக்கு ஒரு வாரம் என்றால், அந்தக் கோயிலுக்கு ஒரு காலைப்பொழுதாவது ஒதுக்குங்கள்.