டேப் சுற்றிய ஒயர்

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் வீட்டுத் தரையெல்லாம் ஓதமேறிக் கிடக்கும். அந்த ஈரத் தரையில், டேப் சுற்றிய கிரைண்டர் ஒயரைப் பார்த்தாலே மனசு பதறுகிறது.

முறுக்கிச் சேர்த்த இணைப்பு நாளாக நாளாகத் தளரும். தளர்ந்த இடம் சூடாகும். டேப்பின் பசை இளகிச் செம்புக் கம்பி வெளியே தெரியும். அதில் ஓடுவது 230 வோல்ட்.

முதலில் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். பிளக் ஓரமாக ஒயர் போயிருந்தால், கெட்ட பகுதியை வெட்டிப் புது மூன்று முனை பிளக் மாட்டுங்கள். நடுவில் போயிருந்தால் முழு ஒயரையும் மாற்றிவிடுங்கள். பச்சை எர்த் ஒயரை மட்டும் விட்டுவிடாதீர்கள். கரண்ட் கசிந்தால் காப்பது அதுதான். மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் இன்னும் நல்லது.

2018 நவம்பர் 16 கஜா புயலில் கம்பங்கள் சாய்ந்து, இருளில் கிடந்த ஊர் இது. கரண்டின் அருமை நமக்குத் தெரியும். அதன் ஆபத்தையும் அதே அளவு மதிப்போம். மழைக்கு முன்னால் அம்மா கைபடும் ஒயரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.