எங்கள் வீட்டுக் கைவேலை அறை

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது நம் முன்னோர் வாக்கு. கந்தை என்று எதையும் வெறுத்துத் தள்ளாதே, தூய்மை செய்து பயன்படுத்து என்பது இதன் பொருள். இந்தப் பழமொழியைத் தமிழ்ப் பாடத்தில் படிப்பதற்கு முன்பே எங்கள் வீட்டின் பின்கட்டில் அதைக் கண்ணால் கண்டவள் நான்.

பின்கட்டில் எட்டடிக்குப் பத்தடி அளவில் ஓர் அறை உண்டு. முன்பு அப்பா வலையும் கயிறும் போட்டு வைத்திருந்த இடம் அது. இன்று அங்கே ஒரு தையல் மெஷின், ஒரு மர மேசை, வெட்டுத் துணிகள் அடைத்த சாக்கு, பழைய காகிதக் கட்டுகள், அகலமான ஒரு பிளாஸ்டிக் தொட்டி ஆகியவை இருக்கின்றன. சுவரில் சகாய மாதா படம். இதைத்தான் கைவேலை அறை என்கிறோம். அம்மா அங்கே துணி தைப்பார்கள். நானும் தங்கையும் பழைய காகிதத்திலிருந்து புதிய காகிதம் செய்வோம்.

இது பொழுதுபோக்குக்காக உண்டான அறை அன்று. தூத்துக்குடியில் விசைப்படகுத் தொழிலை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு இது விளங்கும். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. கடல் வளம் குன்றாமல் இருக்க இந்தத் தடை வேண்டியதுதான். ஆனால் பள்ளி திறப்பதும், கட்டணம் கட்டுவதும், புத்தகப்பை வாங்குவதும் அந்த ஜூன் மாதத்திலேயே வந்து நிற்கின்றன. அப்பாவின் கை ஓய்ந்திருக்கும் அந்த நாள்களில்தான் அம்மாவின் மெஷின் இரவு பத்து மணிவரை ஓடும். புதுநன்மை வாங்கும் சிறுமிகளின் வெள்ளை உடை, பள்ளிச் சீருடை, பிறகு பனிமய மாதா திருவிழாவுக்குப் புதுச் சட்டை என்று ஆகஸ்ட் 5 வரை வேலை ஓயாது.

தைத்தது போக மிஞ்சும் துணியில் ஒரு துண்டும் குப்பைக்குப் போகாது. பெரிய துண்டுகள் தலையணை உறையாகும். நடுத்தரமானவை பிடிதுணியும் கால்மிதியும் ஆகும். சிறியவை செபமாலைப் பை ஆகும். எங்கள் ஊர் உப்புக் காற்றில் ஊசி சீக்கிரம் துருப்பிடித்துவிடும். அதற்கு ஆச்சி ஒரு வழி வைத்திருந்தார்கள். சீப்பில் உதிரும் தலைமுடியைச் சேர்த்துத் துணிக்குள் திணித்து, ஊசி குத்தி வைக்கும் சிறு மெத்தை தைப்பார்கள். முடியிலுள்ள எண்ணெய்ப் பசை ஊசியைத் துருவிலிருந்து காக்கும். ஆச்சி மறைந்த பிறகும் அந்த மெத்தை மேசையில் இருக்கிறது.

இனிக் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் எங்கள் பழைய நோட்டுகளில் எழுதாமல் விட்ட தாள்களை அம்மா பிரித்தெடுத்து, அடுக்கி, கோணி ஊசியால் தைத்து ரஃப் நோட்டு ஆக்கித் தருவார்கள். எழுதி முடித்த தாள்கள் எங்கள் பங்கு. அவற்றைச் சிறு துண்டுகளாகக் கிழித்து ஓர் இரவு முழுவதும் ஊறவைக்கிறோம். மறுநாள், சமையலுக்கு உதவாத பழைய மிக்ஸியில் கூழாக அரைத்துத் தொட்டித் தண்ணீரில் கரைக்கிறோம். சோறு வடித்த கஞ்சியும் சிறிது சேர்ப்போம். இல்லாவிட்டால் எழுதும்போது மை ஊறிப் பரவும். எங்கள் அடிபம்புத் தண்ணீர் உப்பு. அதில் செய்த தாள் மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆதலால் குழாயில் வரும் நல்ல தண்ணீரையே இதற்கு ஒதுக்குகிறோம்.

பழைய படச் சட்டம் ஒன்றில் கொசுவலைக் கம்பியை இழுத்து ஆணியடித்து வைத்திருக்கிறோம். அதைத் தொட்டிக்குள் சாய்வாக இறக்கி, சமமாக மேலே தூக்க வேண்டும். தண்ணீர் வடியும், கூழ் மெல்லிய ஏடாக வலைமேல் தங்கும். அதைப் பழைய பருத்தித் துண்டின்மேல் கவிழ்த்து ஒற்றி எடுத்து, துண்டும் தாளுமாக அடுக்கி, மேலே அம்மிக்கல்லை ஏற்றி வைப்போம். பிறகு நிழலில் உலர்த்துவோம். வெயிலில் போட்டால் அப்பளம்போல் சுருண்டுகொள்ளும். அரை ஈரத்தில் இஸ்திரிப் பெட்டியால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் தாள் ஆயத்தம்.

தங்கை ஒரு நாள் தையல் மெஷினடியில் கிடந்த நூல் பிசிறுகளை அரிசி அளவாக நறுக்கிக் கூழில் தூவினாள். உலர்ந்த தாளில் சீருடையின் நீலமும், புதுநன்மை உடையின் வெள்ளையும், திருவிழாச் சட்டையின் சிவப்பும் கலந்து தெரிந்தன. அம்மாவின் ஓராண்டு உழைப்பு முழுவதும் ஒரே தாளில் இருப்பதாக எனக்குத் தோன்றியது. அந்தத் தாளில்தான் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் செய்கிறோம். முதலில் ஊசியால் துளையிட்டு, பிறகு வண்ண நூலால் விண்மீனும் குடிலும் தைக்கிறோம். துளைகள் நெருங்கினால் தபால்தலை கிழிவதுபோல் காகிதம் கிழிந்துவிடும். துணியில் போடும் நெருக்கமான தையல் இதற்கு ஆகாது.

ஊசிக்கும் காகிதத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் கந்தைத் துணியிலிருந்தே காகிதம் செய்தார்கள். பிரான்சு நாட்டில் 1799-இல் காகித இயந்திரம் ஒன்றுக்கு உரிமம் பெறப்பட்டது. அதற்கு முன் உலகில் இருந்த காகிதம் யாவும் கையால் எடுத்த காகிதமே. நம் முத்துக்குளித்துறைக்கும் இதில் பெருமையான பங்கு உண்டு. புன்னைக்காயலில் வாழ்ந்து பணியாற்றிய இயேசு சபைக் குரு அன்றிக் அடிகளார் தமிழில் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சாகி வெளிவந்தது. பதினாறே பக்கங்கள். இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. அந்தப் பணிக்கு இக்கரைப் பரதவர்கள் பணம் திரட்டித் தந்தார்கள். கடலில் மூச்சடக்கி எடுத்த செல்வம் காகிதமாகி, எழுத்தாகி நிலைத்தது. அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடைபெறவில்லை. அந்தச் சிறுநூலின் பெயரோ இன்றும் வாழ்கிறது.

காந்தியடிகளின் தொண்டரும் தஞ்சையில் பிறந்த கிறிஸ்தவருமான ஜே. சி. குமரப்பா, 1934-இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் வழியாக வார்தாவில் கைக்காகிதத் தொழிலுக்கு மறுவாழ்வு தந்தார். நம் மணப்பாட்டுப் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைந்து பிழைக்கிறார்கள். கைவேலை என்றால் படிப்பு வராதவர்களின் வேலை என்று எண்ணுவோர் இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்த எண்ணத்துக்குப் பின்னால் ஓர் அச்சமும் உண்டு. அது எங்கள் வீட்டிலும் உண்டு. அம்மா எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர்கள். தாத்தா நோயில் படுத்தபோது, நன்றாகத் தைக்கத் தெரிந்த பெண் என்பதாலேயே அவர்களை மெஷினில் உட்காரவைத்துவிட்டார்கள். அதனால் நான் ஊருக்குத் தைத்துத் தருகிறேன் என்றால் அம்மா ஒப்புக்கொள்வதில்லை. "இந்த ஊசி என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்து வந்தது. உன்னையும் இழுக்க விடமாட்டேன். பாடம் முடிந்த பிறகு வா" என்பார்கள். பாடம் முடிந்ததா என்று கேட்காமல் ஒருநாளும் அறைக் கதவைத் திறந்ததில்லை.

அவர்களுக்கு நான் வாயால் பதில் சொல்லவில்லை. சென்ற கிறிஸ்துமசுக்கு, எங்கள் கையால் செய்த நாற்பது தாள்களை அடுக்கி, அவர்களுடைய கோணி ஊசியாலேயே தைத்து, வெட்டுத் துணியில் அட்டை கட்டி ஓர் அளவுப் புத்தகம் கொடுத்தேன். எட்டாம் வகுப்பில் நின்றுபோன அந்த உருண்டைக் கையெழுத்து இன்று அந்தத் தாள்களில் தோள், மார்பு, உயரம் என்று வரிசையாக ஓடுகிறது. அட்டைகள் விற்ற பணம் என் தேர்வுக் கட்டணத்துக்கு உதவியது. ஊசி அம்மாவைப் பள்ளியிலிருந்து பிரித்தது உண்மை. என்னைப் பள்ளியில் நிறுத்தி வைத்திருப்பதும் அதே ஊசிதான்.

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டிலும் ஒரு மூலை இருக்கும். எழுதித் தீர்ந்த தாள்களும், வெட்டி மிஞ்சிய துணிகளும் இருக்கும். அவற்றைத் தூக்கி எறியுமுன் ஒரு நாழிகை உங்கள் அம்மாவின் பக்கத்தில் அமருங்கள். படிப்பைக் கைவிடாமல் கைவேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். நாசரேத்தூரில் தச்சுப் பட்டறையில் உழைத்த நம் ஆண்டவர் நம் தாய்மாரின் கைகளையும், அவற்றால் வளரும் நம்மையும் ஆசீர்வதிப்பாராக!