கீற்றிலிருந்து விழுந்தது

ஐப்பசி அடைமழை. மூன்று நாளாக வெயிலே இல்லை. மாட்டுக் கொட்டகைக் கீற்று ஊறிப்போய், விடியற்காலையில் தரையில் எட்டு மரவட்டைகள் கிடந்தன. மூங்கில் காலில் இன்னும் சில ஏறிக்கொண்டிருந்தன. குச்சியால் தொட்டதும் சுருண்டு பழைய நாலணா மாதிரி வட்டமாகிவிட்டது ஒன்று. பிள்ளைகளுக்கு இது ரயில் பூச்சி. எனக்கு இதைப் பார்த்தால் அப்பாயியின் கால்விரல்தான் ஞாபகம் வரும்.

*

இதே திருக்கடையூர் வீடு, இதே மாதிரி மழை. ராத்திரி கொல்லைப்பக்கம் போக அப்பாயி இருட்டில் செருப்பை மாட்டியிருக்கிறார். ஏதோ நசுங்கியிருக்கிறது. காலைத் தேய்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார். காலையில் பெருவிரலும் பக்கத்து விரலும் மஞ்சளும் பழுப்புமாக இருந்தன. மறுநாள் கறுத்துவிட்டன, நாவல்பழம் தின்ற நாக்கைப் போல. லேசான எரிச்சல், அவ்வளவுதான். ஆனால் அப்பாயிக்கு இருபது வருஷத்துச் சர்க்கரை. தெருவில் ஒருவருக்கு விரலை எடுத்தது எல்லாருக்கும் தெரியும். "வெரல எடுத்துப்புடுவாங்கடா, நான் வல்ல" என்று அழுதார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனோம்.

டாக்டர் விரலைத் தொட்டுச் சூடு பார்த்தார். பாதத்தின் மேலே நாடி பார்த்தார். நுனியில் குத்தி உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். எல்லாம் இருந்தது. அப்புறம்தான், "அந்தச் செருப்ப எடுத்துட்டு வாங்க" என்றார். வாருக்கடியில் வளையம் வளையமாக உடைந்த ஓட்டுத் துண்டுகள் ஒட்டியிருந்தன.

கறை போக மாசி ஆயிற்று.

*

மரவட்டை கடிக்காது, கொட்டவும் கொட்டாது. கடிப்பது பூரான். பூரானுக்கு வளையத்துக்கு ஒரு ஜோடிக் கால், மரவட்டைக்குப் பெரும்பாலான வளையங்களில் இரண்டு ஜோடி. விஷமும் வேறு மாதிரி. மரவட்டையின் பக்கவாட்டில் வரிசையாக நுண்ணிய துளைகள் இருக்கின்றன. மிதித்தாலோ நசுக்கினாலோ அவற்றிலிருந்து ஒரு நீர் கசியும். அதில் இருப்பது பென்சோகுயினோன் என்ற வகை ரசாயனம். தோலின் புரதத்தோடு சேர்ந்து அதையே சாயமாக்கிவிடும்.

மருதாணி சிவப்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான். மருதாணி இலையில் உள்ள லாசோனும் குயினோன் குடும்பம்தான். கழுவினால் போகாது, தோல் உரிந்து வளர வளரத்தான் போகும். இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் அப்பாயி இரண்டு ராத்திரி தூங்காமல் கிடந்திருக்க மாட்டார்.

*

நம் பக்கத்துக் கூரையில் இருப்பதற்குத் தனிப் பெயரே உண்டு: கூரை மரவட்டை. கறுப்பும் சிவப்புமாக இருக்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது. மக்கிய கீற்றும் ஓலையும்தான் இரை. அதனால்தான் ஓட்டு வீட்டைவிடக் கூரை வீட்டில் தொல்லை அதிகம். அறிவியல் பெயர் ஜெனோபோலஸ் கார்னிஃபெக்ஸ். அதில் கார்னிஃபெக்ஸ் என்பது 1775-இல் டேனிஷ் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் வைத்தது. அப்போது இங்கே பக்கத்தில் தரங்கம்பாடியும் டேனிஷ்காரர்கள் கையில்தான் இருந்தது, 1620 தொடங்கி 1845 வரை. கார்னிஃபெக்ஸ் என்றால் லத்தீனில் கொலைத்தண்டனை நிறைவேற்றுகிறவன். காலனைச் சுவாமி உதைத்த ஊரில் இருந்துகொண்டு இந்தப் பெயரை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. யாரையும் கொல்லாத பிராணி இது.

*

வெனிசுவேலாவில் கபுச்சின் குரங்குகள் மழைக்காலத்தில் மரவட்டையைப் பிடித்து மேலெல்லாம் தேய்த்துக்கொள்ளும். அந்த நீருக்குக் கொசு விலகும். குரங்குக்கு ரோமம் இருக்கிறது. நாம் செய்து பார்க்கக் கூடாது.

*

பட்டால் செய்யவேண்டியது: உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுவது. தோலில் பட்ட உடனேயே ஸ்பிரிட்டால் துடைத்தால் கொஞ்சம் கரைந்து வரும். சுண்ணாம்பு தடவவே கூடாது, அது வேறு புண்ணாக்கும். கொப்புளம் வந்தால் டாக்டரிடம் காட்டவேண்டும். முறிமருந்து என்று எதுவும் இல்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது கண்ணுக்குத்தான். பாயில் தூங்கும் பிள்ளை முகத்தில் விழுந்ததை நசுக்கிவிட்டு அதே கையால் கண்ணைக் கசக்கினால் கருவிழியே புண்ணாகும். தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது எதுவும் வேண்டாம். சுத்தமான தண்ணீரைக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஊற்றிக் கழுவி, அன்றைக்கே கண் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்று. சுருண்ட பூச்சி நசுங்கினால் கறை பிறைபோல வளைந்து விழும். பிள்ளையின் தொடையில் அப்படி ஒன்றைப் பார்த்தால் யாரோ சூடு வைத்துவிட்டார்கள் என்றே தோன்றும். பாவம், அந்தத் தாயைக் குற்றம் சொல்லுமுன் பாயை உதறிப் பார்க்கலாம்.

ஆனால் இதைப் படித்துவிட்டுச் சர்க்கரைக்காரர்கள் கறுத்த விரலை மரவட்டை என்று விட்டுவிடக் கூடாது. விரல் சில்லிட்டிருந்தாலோ மரத்திருந்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போட முடியாது. செருப்பில் ஓட்டுத் துண்டைக் கண்ணால் பார்த்திருந்தாலும் டாக்டர் ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும்.

*

எட்டையும் துடைப்பத்தால் முறத்தில் தள்ளி எருக்குழியில் கொட்டினேன். கொல்ல மனம் வரவில்லை. சருகைத் தின்று மண்ணாக்குகிற வேலையை அங்கே பார்க்கட்டும். கொட்டகைக்குப் புதுக் கீற்று வேய தை அறுப்பு முடிந்துதான் ஆள் கிடைக்கும். அதுவரை கொடித்துணியை அந்தப் பக்கம் காயப்போட வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.